மூஞ்சிக்கும் மார்க் உண்டு

ஜூன் 9

தம்பிக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். குடும்ப மானத்தை வாங்குகிறவனுக்கெல்லாம் ஒரு ஜலதோஷம்கூட வருவதில்லை.

என் போனில் உன் நம்பரை பிளாக் பண்ணி அடைத்து வைத்திருக்கிறேன் என்பது உனக்கே தெரியும். பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் என் வீட்டுக்காரர், அதான் உன் மாமா, காதில் விழும். மெசேஜ் அனுப்பினால் உன்னோடு படிக்கிற பெண்களிடம் காட்டிச் சிரிப்பாய். காகிதம் என்றால் கிழித்துப் போடலாம். படித்ததும் கிழித்துப் போடு.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். "டாக்டர் தம்பி கட்டாயம் வரணும்"னு சித்தப்பா இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் என்று அவரிடம் யார் சொன்னது என்று துள்ளாதே. நான்தான் சொன்னேன்.

வேறு என்ன சொல்வது? மாமாவின் பெயிண்ட் கடையில் கணக்கு எழுதிக்கொண்டு ஒழுங்காக இருந்தவன், ஒருநாள் காலையில் "யுனிவர்சிட்டில நர்சிங் படிக்கப் போறேன்"னு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். கேட்டவர்களிடம் எல்லாம், மீசை வைத்த ஆம்பளை ஊரான் வீட்டுக் கிழவனுக்கு மூத்திரப் பை மாற்றப் படிக்கிறான் என்று தண்டோரா போடச் சொல்கிறாயா? "மெடிக்கல் காலேஜ்ல படிக்கிறான்" என்றேன். இரண்டும் ஒரே காம்பவுண்டுக்குள்தானே இருக்கின்றன. மீதியை அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

உண்மை தெரிந்தவர் உன் மாமா மட்டும். போன தடவை நீ வந்திருந்தபோது சாப்பாட்டு மேஜையில் அவர் கேட்டதை நீ மறந்திருக்க மாட்டாய். "பீ அள்றதுக்கு நாலு வருஷப் படிப்பா? அதுக்குப் பட்டம் வேற குடுப்பாங்களா, கறுப்பு அங்கி போட்டு?" நீ சாப்பிட்ட கையைக் கழுவாமல் எழுந்து போனாய். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே"னு அவர் உன் முதுகுக்குப் பின்னால் கத்தினார். உனக்கு ரோஷத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை. அதில் பாதியைப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது காட்டியிருந்தால் இன்றைக்கு நான் இப்படி ஒளித்து ஒளித்து எழுத வேண்டியதில்லை.

கல்யாணத்துக்கு வந்தால் டாக்டராக வா. யாராவது கையை நீட்டினால் நாடி பிடித்துப் பார். "டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டுதான் சொல்ல முடியும்" என்று சொல். எல்லா டாக்டரும் அதைத்தான் சொல்கிறார்கள். முடியாது என்றால் வராதே.

அக்கா

ஜூன் 17

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஹாஸ்டலில் என் கட்டிலின் ஒரு கால் குட்டை. அதற்கு அடியில் மடித்து வைத்தேன், இப்போது ஆடுவதில்லை. நான் இங்கே வந்து சேர்ந்த பிறகு உன்னால் எனக்குக் கிடைத்த முதல் உபகாரம் இதுதான்.

கல்யாணத்துக்கு வர மாட்டேன். அரிதாரம் பூசிக்கொண்டு நாடி பிடிக்க நான் நாடகக் கம்பெனியில் சேரவில்லை.

மாமாவிடம் ஒரு நல்ல செய்தி சொல். பீ அள்ளுவதெல்லாம் முதல் வருடத்தோடு முடிந்துவிட்டது. இப்போது அதை உற்றுப் பார்த்து, நிறம் என்ன, ரத்தம் கலந்திருக்கிறதா என்று குறித்துவைக்கிற அளவுக்கு உயர்ந்திருக்கிறோம். பட்டம் கொடுக்கும்போது அங்கியும் உண்டு. அவர் கடையில் இல்லாத நிறமாக இருந்தால் ஒரு அங்குலம் வெட்டி அனுப்புகிறேன்.

நீ கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், இங்கேயும் ஒன்றும் தேவலோகமில்லை. எங்களுக்கு மருந்தியல் எடுக்கிறவர் திரையில் இருப்பதை அப்படியே வாசித்துவிட்டு "டவுட் இருக்கா?" என்பார். இருக்கிறது என்று சொன்னால் அதையே இன்னொரு தடவை வாசிப்பார். வகுப்பில் ஆண்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். கனமான நோயாளியைத் தூக்க வேண்டுமென்றால் பெண்களுக்கு நாங்கள் "அண்ணா". தூக்கி வைத்த பிறகு கண்ணுக்கே தெரிய மாட்டோம். பயிற்சி அறையில் ஒரு ரப்பர் பொம்மை படுத்திருக்கிறது. இத்தனை வருடப் பிள்ளைகள் ஊசி குத்திக் குத்தி அதன் கை சல்லடை ஆகிவிட்டது. இந்த ஊரில் என்னிடம் மரியாதையாக நடந்துகொள்வது அது ஒன்றுதான்.

போன வாரம் புண்ணுக்குக் கட்டு மாற்றும் பிராக்டிகலில் என்னை பெயில் போட்டுவிட்டார்கள். நோயாளி ஒரு லாரி டிரைவர், வயதானவர். கை கழுவியதில் தப்பில்லை, கையுறை போட்டதில் தப்பில்லை, பஞ்சு பிடித்ததில், துணி சுற்றியதில் தப்பில்லை. எங்கள் மேடம் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: "கை சுத்தமா இருக்கு. மூஞ்சிதான் அழுக்கு. அந்தப் பெரியவர் கண்ண மூடிக்கிட்டாரே, வலிலன்னு நெனச்சியா? உன் மூஞ்சியப் பாக்க முடியாம மூடிக்கிட்டாரு. அந்தக் காலை என்னமோ குப்பைத் தொட்டியப் பாக்கற மாதிரி பாக்கறே." மூஞ்சிக்கும் மார்க் உண்டாம். எனக்கு முட்டை.

ஹாஸ்டலுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். மூக்கு ஒரு பக்கம் சுளித்து, உதடு கீழே இறங்கி, சாட்சாத் நீதான் நின்றிருந்தாய். காய்கறிக்காரனிடம் பேரம் பேசும்போது வைத்துக்கொள்வாயே, அந்த மூஞ்சி. குடும்பச் சொத்தில் எனக்கு வந்த பங்கு.

உனக்கு ஒரு ஆறுதல். எங்கள் மேடத்திடம் இன்னொரு சட்டம் இருக்கிறது. சொந்தக்காரர் படுத்திருக்கும் கட்டில் பக்கம் மாணவர் யாரும் போகக் கூடாது. என் வகுப்புப் பெண்ணின் பெரியம்மா வந்து சேர்ந்ததும், அவளை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார். "சொந்தம்னா ஒண்ணு கை நடுங்கும், இல்லன்னா அதிகாரம் வரும்" என்பார். ஆகவே உங்களில் யாரும் என் கையில் வந்து விழுந்துவிடுவீர்களோ என்று பயப்பட வேண்டாம்.

தம்பி

ஜூலை 14

தம்பிக்கு,

கல்யாணம் நன்றாக நடந்தது. நீ வராதது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. "ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கான், லீவு கிடைக்கல" என்றேன். உடனே உன் மதிப்பு இன்னும் ஒரு படி ஏறிவிட்டது. வராமலேயே இவ்வளவு மரியாதை சம்பாதிக்கிறவன் நீ ஒருவன்தான். வந்திருந்தால் கெடுத்திருப்பாய்.

எனக்குத்தான் பெரும்பாடு. பந்தியில் உட்கார விடவில்லை. ஒருத்தி மாத்திரைச் சீட்டை நீட்டுகிறாள், ஒருத்தர் நாக்கை நீட்டுகிறார். சித்தப்பா தன் முட்டியின் எக்ஸ்ரேயைக் கல்யாண மண்டபத்துக்கே கொண்டுவந்திருந்தார். மகளுக்குத் தாலி ஏறுகிற நேரத்தில் முட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிற மனிதரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். எல்லாவற்றையும் ஒரு பையில் வாங்கி வைத்திருக்கிறேன். என்ன செய்ய என்று தெரியவில்லை.

முட்டை வாங்கிய கதையை இவ்வளவு பெருமையாக எழுதுகிறவனையும் இப்போதுதான் பார்க்கிறேன். என் மூஞ்சியைக் குறை சொல்கிறாய். என் மூஞ்சிக்கு என்னடா குறைச்சல்? நீ பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்துச் சுளித்தது, அப்படியே நின்றுவிட்டது.

உன் மாமா இந்தக் கல்யாணத்துக்கென்று பளபளவென்று ஒரு பூட்ஸ் வாங்கினார். பெண்ணைப் பெற்றவர் மாதிரி வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றார். வீட்டுக்கு வந்து கழற்றினால் வலது கால் சுண்டுவிரல் பக்கம் தோல் உரிந்து சாக்ஸோடு ஒட்டியிருக்கிறது. "ஐயோ, வலிக்கலையா?" என்றேன். "எனக்கெல்லாம் வலிக்காது"னு நெஞ்சை நிமிர்த்துகிறார். சர்க்கரை வந்து இத்தனை வருடத்தில் இனிப்பைக் குறைக்கத் தெரியவில்லை, வீரம் மட்டும் வழிகிறது. தினமும் வெந்நீரில் கால் வைக்கச் சொல்லி நான்தான் ஊற்றிக் கொடுக்கிறேன். கடைக்கும் அதே பூட்ஸைத்தான் போட்டுக்கொண்டு போகிறார். விலை கொடுத்து வாங்கியதாம்.

சித்தப்பாவின் முட்டிக்கு என்ன சொல்ல? ஏதாவது ஒரு பெயர் எழுதி அனுப்பு, பெரிய பெயராக.

அக்கா

ஜூலை 19

அக்கா,

சித்தப்பாவின் முட்டி கிடக்கட்டும். மாமாவின் காலைப் பார்.

வலிக்கவில்லை என்று அவர் சொன்னது வீரம் இல்லை, வியாதி. சர்க்கரை நாள்பட்டால் காலில் உணர்ச்சி செத்துப்போகும். ஆணி குத்தினாலும் தெரியாது, வெந்நீர் சுட்டாலும் தெரியாது. நீ தினமும் ஊற்றுகிறாயே அந்த வெந்நீர், அதை இன்றோடு நிறுத்து. புண் பட்ட காலை நீ வேக வைத்துக்கொண்டிருக்கிறாய். அந்த பூட்ஸைத் தூக்கி எறி. விரலின் நிறம் என்ன, சுற்றிலும் சிவந்திருக்கிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா, நாற்றம் வருகிறதா, பார்த்து எழுது. எழுதுவதற்கு முன்னால் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. இந்த வரியைப் படித்ததும் கடிதத்தை வைத்துவிட்டுக் கிளம்பு.

இங்கேயே கொண்டுவா. சர்க்கரைக்காரர் காலுக்கென்றே எங்கள் ஆஸ்பத்திரியில் தனிப் பிரிவு இருக்கிறது. பஸ்ஸில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வந்துவிடலாம்.

உன் நம்பர் அடைத்துக் கிடக்கிறது. மாமாவுக்கு வார்டு போனிலிருந்து அடித்தேன். என் குரலைக் கேட்டதும், "பீ அள்றவன்லாம் எனக்கு வைத்தியம் சொல்ற காலம் வந்துடுச்சா?"னு வைத்துவிட்டார். அடுத்த வீட்டு அம்மாவுக்கு அடித்தேன், போய்ச் சொல்லுங்கள் என்று. "அட, டாக்டர் தம்பியா? எனக்குக் கழுத்து பிடிச்சிக்கிட்டே இருக்கு, என்ன போடலாம்?"னு ஆரம்பித்தார். உங்கள் கழுத்து நாசமாய்ப் போகட்டும் என்று வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. எங்கள் படிப்பில் பொறுமைக்கும் மார்க் உண்டு.

நீ செய்து வைத்த டாக்டர் எப்படி இருக்கிறான் பார். அவனால் ஒரு போன்கூட ஒழுங்காகப் பேச முடியவில்லை.

தம்பி

ஜூலை 27

தம்பிக்கு,

என்ன அதிகாரம், என்ன அதட்டல்! அரைகுறைப் படிப்பு படித்தவனுக்கு வாய் முழம் நீளம். பிராக்டிகலில் முட்டை வாங்கியவன் எனக்கு உபதேசம் செய்கிறாய்.

வெந்நீரை நிறுத்திவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை, பாதத்தில் ஒரு கொப்புளம் கிளம்பியது, அதனால். பூட்ஸை ஒளித்து வைத்தேன், அவர் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டார். மருந்துக் கடைக்காரர் ஒரு களிம்பு கொடுத்தார். தடவிக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று எதிர்வீட்டுக்காரரிடம் ஆட்டோ கேட்டேன். "உங்க வீட்லயே டாக்டர் இருக்காரே, அவர் என்ன சொன்னாரு?" என்றார். நான் என்ன சொல்ல? "களிம்பு தடவச் சொன்னான்" என்றேன். "அப்பறம் என்ன, பெரிய டாக்டர் சொல்லிட்டாரு, விடுங்க"னு ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

உன் ஆஸ்பத்திரிக்கு வர முடியாது. புரிந்துகொள். சித்தப்பாவின் சம்பந்தி அங்கேதான் பணம் கட்டுகிற ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் தெருவில் பாதிப் பேர் சுளுக்கு என்றாலும் அங்கேதான் ஓடுகிறார்கள். கல்யாணத்தில் ஆபரேஷன் தியேட்டர் என்று சொல்லியிருக்கிறேன். நீ அந்தப் பச்சை யூனிஃபார்ம் சட்டையைப் போட்டுக்கொண்டு பெட்பேனும் கையுமாக எதிரில் வந்து நின்றால் நான் எந்தக் கிணற்றில் விழுவது? வேறு ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்கிறேன். இந்த மாதம் கடையில் ஸ்டாக் எடுப்பு, அது முடியட்டும் என்கிறார்.

நீ கேட்டாய் என்பதற்காகப் பார்த்தேன். சுண்டுவிரல் கறுத்திருக்கிறது. களிம்பு பட்டுக் கறுத்திருக்கும். பக்கத்து விரலும் கொஞ்சம் நீலம். வாடை இருக்கிறது. நான் அறைக்கு வாசனை ஸ்ப்ரே அடித்து வைத்திருக்கிறேன். இரண்டு நாளாகக் குளிர்கிறது என்று போர்வையைச் சுற்றிக்கொண்டு படுத்திருக்கிறார். என்னைக்கூடத் திட்டுவதில்லை. அதுதான் எனக்கு என்னவோ போல இருக்கிறது.

அக்கா

ஜூலை 30

அக்கா,

கறுப்பு, நாற்றம், குளிர். இதில் மூன்றாவது வந்தால் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம், ஆளே போய்விடுவார். காலோடு நிற்காது.

உன் கௌரவத்துக்கு இன்னும் எத்தனை விரல் வேண்டும்? சொல், எண்ணி வைத்துக்கொள்கிறேன். சம்பந்தி பார்ப்பார், எதிர்வீட்டுக்காரர் பார்ப்பார் என்கிறாயே, நாளைக்கு மாமாவைத் தூக்கும்போதும் அவர்களெல்லாம் வருவார்கள். அப்போது "எங்க வீட்ல டாக்டர் இருந்தும் போயிட்டாரு" என்று சொல்லிக்கொள். மரியாதை இன்னும் ஒரு படி ஏறும்.

இந்தக் கடிதத்தை என் அறைத் தோழனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் டாக்ஸியோடு வாசலில் நிற்கிறான். நான் வந்தால் மாமா கதவைச் சாத்துவார், அதனால் அவன் வருகிறான். அவனும் நர்சிங்தான், ஆனால் பார்த்தால் டாக்டர் மாதிரி இருப்பான். உனக்குப் பிடிக்கும்.

அக்கம்பக்கம் கேட்டால் டாக்டர் வண்டி அனுப்பியிருக்கிறான் என்று சொல். இங்கே வந்த பிறகு என்னைத் தெரிந்தவளாகவே காட்டிக்கொள்ளாதே. நான் எதிரில் வந்தாலும் பார்க்காதே. யாராவது கேட்டால், யாரோ என்று சொல்லிவிடு. எனக்கு ஒன்றும் இல்லை. ஆளைக் கொண்டுவந்து சேர்.

போர்வையோடு ஏற்று. பூட்ஸை மட்டும் விட்டுவிட்டு வா.

தம்பி

ஆகஸ்ட் 24

அக்காவுக்கு,

நீங்கள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று தோழன் சொன்னான். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் மாமா பேரம் பேசினார் என்றும் சொன்னான். அப்படியென்றால் காய்ச்சல் இல்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் உன்னோடு பேச முடியாததை இங்கே பேசுகிறேன். யாரோ என்று சொல்லச் சொன்னவன் நான்தான். எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுதியவனும் நான்தான். ஆனாலும் நீ அதை இவ்வளவு நன்றாகச் சொல்வாய் என்று எதிர்பார்க்கவில்லை.

முதல் நாள் தள்ளுவண்டியை நான்தான் தள்ளிக்கொண்டு ஓடினேன். மாமாவின் தலை என் வயிற்றில் இடித்துக்கொண்டே வந்தது. வார்டு சிஸ்டர் உன்னிடம், "இந்தப் பையன் உங்களுக்குத் தெரிஞ்சவரா, இப்படிப் பதறிட்டு வராரே?" என்றார். பணம் கட்டுகிற ஜன்னலிலிருந்து சித்தப்பாவின் சம்பந்தி கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய். அதே மூஞ்சி. "யாரோ. இங்க வேலை பாக்கறவர் போல" என்றாய். சரி, அது நாம் பேசிவைத்ததுதான்.

இரண்டு விரலை எடுத்த பிறகு, ஐந்தாறு நாள் கழித்து, மேடம் எனக்கு மறு பிராக்டிகல் வைத்தார். எந்தக் கட்டில் என்று முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். போய் நின்றால் மாமா. நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் உன்னைப் பார்த்து, "என்னம்மா, ஜாடை ஒரே மாதிரி இருக்கே, உங்க சொந்தமா?" என்றார். பக்கத்தில் சம்பந்தி இல்லை, தெருக்காரர் யாரும் இல்லை. நீ யோசிக்கவேயில்லை. "யாரோ. எங்க குடும்பத்துல இந்த மாதிரி வேலைக்கெல்லாம் யாரும் போகல" என்றாய்.

முதல் யாரோ மானத்துக்கு. இந்த இரண்டாவது யாரோ எதற்கு, அக்கா? நாக்கு அரித்ததா?

நானும் உன் பொய்யை மறுக்கவில்லை. கையைக் கழுவினேன், உறை போட்டேன், கட்டைப் பிரித்தேன். விரல் இருந்த இடம் இன்னும் பச்சையாக இருந்தது. மாமா கண்ணை மூடவில்லை. சுவரையும் பார்க்கவில்லை. முழு நேரமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இந்தத் தடவை பாஸ்.

மறுநாள் மேடத்திடம் போய், அது என் அக்கா, அவர் என் மாமா என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, போட்ட மார்க்கைப் பேனாவால் அடித்துவிட்டார். அடுத்த மாதம் வேறு கட்டிலில் மூன்றாவது தடவை. உன்னால் நான் இழந்ததை எல்லாம் எழுதினால் கட்டிலின் நான்கு காலுக்கும் காகிதம் போதும்.

கட்டு மாற்றுவதை நீ கவனித்தாயோ இல்லையோ, எழுதுகிறேன். கையை சோப்புப் போட்டுக் கழுவு, முழங்கை வரைக்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த உப்புத் தண்ணீரால் மட்டும் துடை. நடுவிலிருந்து வெளியே போ, வெளியிலிருந்து உள்ளே வராதே. ஒரு பஞ்சு ஒரு துடைப்புக்குத்தான். களிம்பு, தைலம் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டாதே. தினமும் காலையில் அவர் பாதத்துக்கு அடியில் ஒரு கண்ணாடியைப் பிடித்துப் பார், இரண்டு காலையும். சிவப்பு தெரிந்தால் அன்றைக்கே வா. யாரோ என்று சொல்லிக்கொண்டாவது வா.

தம்பி

செப்டம்பர் 3

தம்பிக்கு,

போட்ட மார்க்கைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவனை இந்த உலகத்தில் வேறு எங்கும் பார்க்க முடியாது. நல்லவேளை நீ கடையில் கணக்கு எழுதுவதை நிறுத்தினாய். இருந்திருந்தால் வாங்கின பெயிண்டையெல்லாம் கம்பெனிக்கே திருப்பி அனுப்பியிருப்பாய்.

இரண்டாவது யாரோ எதற்கு என்று கேட்கிறாய். அரித்ததுதான், நாக்கு இல்லை, நெஞ்சு. மண்டையில் இருக்கிற மூளையைக் கொஞ்சம் உபயோகித்திருந்தால் கேட்டிருக்க மாட்டாய். சொந்தக்காரர் கட்டிலில் மாணவனைக் கைவைக்க விட மாட்டார்கள் என்று ஜூன் மாதத்தில் எழுதியது யார்? நான் எல்லாவற்றையும் கிழித்துப் போடுகிறவள் இல்லை. அன்றைக்குக் காலையில் ஒரு பெண் வந்து உன் மாமாவுக்குக் கட்டுப் பிரித்தாள். பஞ்சு ஒட்டிக்கொண்டது, அவள் வெடுக்கென்று இழுத்தாள். அவருக்கு வலிக்காது, தெரியும். ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போனதும் என்னிடம், "அந்தப் பய இங்கதான சுத்திட்டிருக்கான், அவனை வரச் சொல்லேன்" என்றார். பதினோரு மணிக்கு நீ அந்தக் கண்ணாடி அம்மாவோடு வந்து நின்றாய். சொந்தம் என்று நான் சொல்லியிருந்தால் உன்னை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு அந்த வெடுக்குக்காரியைத்தான் திரும்ப அனுப்பியிருப்பார்கள். அதனால் சொன்னேன். இந்த மாதிரி வேலைக்கு யாரும் போகல என்று ஒரு கொசுறும் சேர்த்தேன், நம்ப வேண்டுமே.

முதல் நாள் சொன்னது மட்டும் மானத்துக்குத்தான். அதை நான் மறுக்கப் போவதில்லை. நீ தள்ளிக்கொண்டு ஓடும்போது உன் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேதான் யாரோ என்றேன். இப்போதும் பையில் இருக்கிறது. பழைய செருப்பு, உனக்கு வேண்டியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். உடம்பு விசாரிக்க வந்தாராம், கையில் எக்ஸ்ரே. "டாக்டர் தம்பி பாத்ததாலதான் விரலோட போச்சு, இல்லன்னா காலே போயிருக்கும். அவனை ஒரு எட்டு வரச் சொல்லும்மா, என் முட்டியப் பாக்கட்டும்" என்றார். சம்பந்தியும் கூட வந்திருந்தார். எதிர்வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "அவன் டாக்டர் இல்ல, சித்தப்பா. நர்ஸுக்குப் படிக்கிறான். டாக்டர் வெட்டிட்டுப் போயிட்டாரு, அப்பறம் எட்டிக்கூடப் பாக்கல. உங்க முட்டியெல்லாம் அவன் பாக்க மாட்டான். எந்திரிக்க முடியாம படுத்த படுக்கையா விழுந்தீங்கன்னா சொல்லி அனுப்புங்க, அப்ப வருவான்" என்றேன். சித்தப்பா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எக்ஸ்ரேயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். சம்பந்தி, "ஆமா, அந்தத் தள்ளுவண்டி பையன்தானே?" என்றார். "அவனேதான். என் தம்பி" என்றேன்.

அவர்கள் போனதும் உன் மாமா உள்ளேயிருந்து, "இத எப்பவோ சொல்லித் தொலைச்சிருக்கலாம், நானும் வெளில சொல்ல முடியாம வெச்சிருந்தேன்" என்றார். அவர் வாய்க்கு மட்டும் ஒரு விரலும் குறையவில்லை.

கட்டு நான்தான் மாற்றுகிறேன். கையை முழங்கை வரைக்கும் கழுவுகிறேன். நடுவிலிருந்து வெளியே போகிறேன். ஒரு பஞ்சு ஒரு துடைப்பு. இறுக்கவில்லை. கண்ணாடி பிடித்துப் பார்க்கிறேன், சிவப்பு ஒன்றும் இல்லை. நீ எழுதியதில் ஒன்றைக்கூட விடவில்லை. ஆனாலும் தினமும் நான் கட்டைப் பிரித்ததும் அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். வலிக்காத காலுக்கு எதற்குக் கண்ணை மூடுகிறீர்கள் என்று நேற்று சண்டை போட்டேன். கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்: "உன் தம்பி பண்ணும்போது மூஞ்சிய இப்படி வெச்சிக்கல."

எப்படி வைத்துக்கொண்டாய் என்று எழுது. உன் நம்பரைத் திறந்துவிட்டேன், ஆனால் போனில் சொல்லாதே, எனக்குப் புரியாது. எழுது.

அக்கா